மலைச்சரிவில் ஓடை அடையலும் மண்ணும்: மாதிரியை எங்கே, எப்படி எடுப்பது?

கேள்வி: கொக்குவில் மாணவி

எல்லோருக்கும் வணக்கம். நான் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்து முடித்துவிட்டுக் கொக்குவிலில் வீட்டில் இருக்கிறேன். மாத்தளை மாவட்டத்தில், இரத்தோட்டைப் பக்கத்து மலைச்சரிவுகளில் செம்பு, நாகம் (துத்தநாகம்), ஈயம் ஆகியவற்றைத் தேடும் கனிய ஆய்வுக் குழு ஒன்றில் விரைவில் கள உதவியாளராகச் சேர இருக்கிறேன். ஓடைகளின் அடையலையும் (நீர் கொண்டுவந்து படியவிட்ட மணலையும் வண்டலையும்) சரிவுகளின் மண்ணையும் சேகரித்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதே எனக்குத் தரப்படும் வேலை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வளர்ந்த எனக்கு மண் என்றால் சுண்ணக்கல்லின் மேல் கிடக்கும் செம்மண். ஆறு என்றால் மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு. குழு அனுப்பிய திட்டத்தில் தேசப்படத்தின் மேல் 200 மீற்றர் இடைவெளியில் சதுரக் கட்டங்கள் போட்டு, ஒவ்வொரு சந்தியிலும் மண் மாதிரி எடுக்க வேண்டும் என்று குறித்திருக்கிறார்கள். சமவுயரக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் இடங்களிலும் புள்ளிகள் விழுந்திருக்கின்றன. அங்கே மனிதர் ஏற முடியுமா என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ஓடை மாதிரிகளை வீதியோர மதகுகளின் அடியில் எடுத்தால் நேரம் மிச்சப்படும் என்றும் ஒருவர் சொன்னார். மாதிரி எடுக்கும் இடத்தை எதை வைத்துத் தீர்மானிப்பது, எவ்வளவு ஆழத்தில் எடுப்பது, எந்த அளவுச் சல்லடையில் சலிப்பது என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

மறுமொழி: வடமராட்சியான்

வணக்கம் தங்கச்சி. ஓடையைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். மண்ணைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

ஓடைப் படுக்கையில் அள்ளும் ஒரு பிடி அடையல், அந்த இடத்துக்கு மேலே உள்ள நீரேந்துப் பரப்பு முழுவதிலிருந்தும் அரித்து வந்த பொருளின் கலவை. ஆகவே மாதிரி எடுக்கும் இடத்தைத் தீர்மானிக்கும் வேலை மலையில் தொடங்குவதில்லை. நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 இடவிளக்கப் படத்தை மேசையில் விரித்து, ஒவ்வொரு கிளை ஓடைக்கும் நீர்பிரி எல்லையை, அதாவது மழைநீர் அந்த ஓடைக்குள் வடியும் பரப்பின் எல்லையைப் பென்சிலால் வரைந்து, அந்தப் பரப்பு எத்தனை சதுர கிலோமீற்றர் என்று கணக்கிடும்போதே அது தொடங்கிவிடுகிறது. இதில் ஏன் இவ்வளவு கவனம் வேண்டும் என்பதை ஒரு கணக்கால் காட்டுகிறேன். ஹோக்ஸ் என்ற புவியிரசாயனவியலாளர் 1976இல் வெளியிட்ட எளிய சமன்பாடு இதற்குப் பயன்படுகிறது. ஒரு மலைச்சரிவில் இரண்டு ஹெக்டேயர் அளவில் செம்புத் தாது வெளித்தெரிகிறது என்றும், அதன் மேலுள்ள மண்ணில் செம்பு 2,000 பி.பி.எம். (பத்து இலட்சத்தில் 2,000 பங்கு) என்றும், சுற்றுப்புறத்தின் இயல்பான அளவு 40 பி.பி.எம். என்றும் வைத்துக்கொள்ளுங்கள். நீரேந்துப் பரப்பு 10 சதுர கிலோமீற்றர் உள்ள பெரிய ஆற்றில் மாதிரி எடுத்தால் செம்பின் அளவு ஏறத்தாழ 44 தான் வரும். அது இயல்பான ஏற்ற இறக்கத்துக்குள் மறைந்துவிடும். 1 சதுர கிலோமீற்றர் உள்ள கிளை ஓடையில் எடுத்தால் அது 79 ஆகும். அரைச் சதுர கிலோமீற்றருக்குள் ஏறிவிட்டால் 118 ஆகிவிடும். அதே தாது, அதே மலை. நிற்கும் இடம் மாறும்போது கண்டுபிடிப்பதும் தவறவிடுவதும் மாறிவிடுகின்றன. இந்தக் கணக்கு மலை முழுவதும் ஒரே வேகத்தில் அரிக்கப்படுகிறது என்று எடுத்துக்கொள்கிறது. உண்மையில் அப்படி அமைவது அரிது. ஆனாலும் ஓடையில் எவ்வளவு மேலே போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்க இது போதும்.

இரண்டு ஓடைகள் கூடும் இடத்தில் ஒருபோதும் எடுக்க வேண்டாம். வெள்ளக் காலத்தில் பெரிய ஓடையின் நீர் சிறிய ஓடைக்குள் பின்வாங்கி ஏறி, தன் மணலை அங்கே விட்டுச் செல்லும். கூடுமிடத்திலிருந்து குறைந்தது 50 மீற்றராவது சிறிய ஓடை வழியே மேலே ஏறி எடுங்கள். மதகடியும் கூடாது. வீதி போடக் கொண்டுவந்த கருங்கல் வேறு ஊர்ப் பாறையாக இருக்கலாம். நாகம் பூசிய இரும்புக் குழாய்களும் வாகன ரயர்த் தூசியும் நாகத்தின் அளவை உயர்த்திவிடும். நேரத்தை மிச்சப்படுத்த நினைப்பவர்களுக்கு மதகு வசதியான இடந்தான், ஆனால் நீங்கள் தேடுவதே நாகம் என்பதால் அங்கே எடுத்த மாதிரியை எவரும் நம்ப முடியாது. வீதிக்கு மேற்பக்கம் போய் எடுங்கள்.

படுக்கையில், நீர் இப்போதும் நகர்த்திக்கொண்டிருக்கும் அடையலையே அள்ள வேண்டும். கரை இடிந்து விழுந்த மண் அந்த ஓடையின் கதையைச் சொல்லாது. 20, 30 மீற்றர் நீளத்துக்குள் பல இடங்களில் சிறிது சிறிதாக எடுத்து ஒன்றாகச் சேருங்கள். 80 கண் சல்லடையை, அதாவது ஏறத்தாழ 180 மைக்கிரோனுக்குக் குறைந்த துகளைப் பயன்படுத்துவது நெடுங்கால வழக்கம், ஏனெனில் களியோடும் இரும்பு ஒட்சைட்டோடும் ஒட்டி வரும் உலோகம் நுண்துகளில்தான் கூடுதலாக இருக்கும். சல்லடை நைலோன் அல்லது துருப்பிடிக்காத உருக்கு வலையாக இருக்கட்டும். பித்தளைச் சல்லடை செம்பையும் நாகத்தையும் தானே கொடுத்துவிடும்.

மறுமொழி: சுன்னாகம் வாசகர்

முன்னவர் சொன்னதில் துகள் அளவு பற்றி மட்டும் ஒரு சொல். இரத்தோட்டைப் பக்கத்து ஓடைகள் பாறைக்குப் பாறை தாவி விழுபவை. நுண்துகள் அங்கே தங்காமல் ஓடிவிடும். அரைக் கிலோ நுண்துகளைச் சேர்க்க அரை நாள் போய்விடலாம். பெரிய பாறையின் கீழ்ப்பக்கத்தில் நீரின் வேகம் தணியும் மறைவைத் தேடுங்கள். அங்கும் கிடைக்காவிட்டால், நீர்மட்டத்தை ஒட்டிய பாறைகளில் மெத்தை போலப் படர்ந்திருக்கும் பாசியை உரித்துக் காயவைத்து உதறினால் அதற்குள் சிக்கியிருக்கும் நுண் அடையல் கிடைக்கும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இதை ஒரு தனி முறையாகவே கையாள்கிறார்கள். பாசி மாதிரியையும் மணல் மாதிரியையும் ஒரே அட்டவணையில் கலந்துவிடாமல் தனியாகக் குறிப்பது கட்டாயம். இரண்டும் தாங்கும் உலோகத்தின் அளவு வேறு வேறு.

மறுமொழி: தென்மராட்சி ஆசிரியர்

மகளுக்கு வணக்கம். மண்ணுக்கு வருகிறேன்.

சதுரக் கட்டம் சமநிலத்துக்கு உரியது. செங்குத்தான மலையில் அதைப் பிடிவாதமாகப் பின்பற்றினால், ஏறக்கூடிய இடங்களில் மட்டும் மாதிரி சேர்ந்து, படத்தில் ஓட்டைகள் விழும். அல்லது யாராவது ஒருவர் கால் தவறி விழ நேரும். இத்தகைய நிலத்தில் மலைமுகட்டையும் அதிலிருந்து இறங்கும் கிளைமுகடுகளையும் நடைபாதையாக எடுத்துக்கொண்டு, அவற்றின் வழியே 50 அல்லது 100 மீற்றருக்கு ஒன்றாக மாதிரி எடுப்பதே பல நாடுகளில் வழக்கம். முகட்டில் நிற்கும் மண்ணுக்கு மேலேயிருந்து உருண்டு வந்து சேர வேறு இடம் இல்லை. ஆகவே அது பெரும்பாலும் தன் அடியிலுள்ள பாறையிலிருந்தே உண்டானது. இரண்டு கிளைமுகடுகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தை ஓடை மாதிரி பார்த்துக்கொள்ளும். இரண்டையும் சேர்த்துத் திட்டமிட்டால் உங்கள் குழு போட்ட கட்டங்களைவிடக் குறைந்த மாதிரிகளில் கூடுதலான செய்தி கிடைக்கும் என்பது என் உறுதியான எண்ணம். குழுத் தலைவரிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

ஆழத்தைச் சென்ரிமீற்றரில் கேட்பதைவிடப் படையில் கேட்பது நல்லது. அலவாங்கால் குத்தி, மண்வெட்டியால் ஒரு முழம் அளவுக்குக் குழி வெட்டி, அதன் ஒரு பக்கச் சுவரைச் சீவிப் பாருங்கள். மேலே இலையும் வேரும் மக்கிய கறுப்புப் படை இருக்கும். அதில் மரங்கள் கீழிருந்து உறிஞ்சி இலைவழி உதிர்த்த உலோகமும் சேர்ந்திருப்பதால் அதை விட்டுவிட வேண்டும். அதற்குக் கீழே நிறம் செம்பழுப்பாக மாறி, ஈரமான மண் விரலில் களியாக ஒட்டும் படை வரும். இரும்பு ஒட்சைட்டும் களியும் சேர்ந்த இந்த இரண்டாம் படைதான் உலோகத்தைப் பிடித்து வைத்திருக்கும்; எல்லாப் புள்ளிகளிலும் இதையே எடுங்கள். ஓரிடத்தில் அது 25 சென்ரிமீற்றரில் வரும், இன்னோரிடத்தில் 60இல் வரும். இன்னும் தோண்டினால் கையால் நசுக்கக்கூடிய அளவுக்கு மென்மையாகியும், உள்ளே நைசு என்ற பட்டைப் பாறையின் வெள்ளை, கறுப்புப் பட்டைகள் அப்படியே தெரியும் சிதைந்த பாறை வரக்கூடும். அது தெரிந்தால் நீங்கள் நிற்பது இடம்பெயராத மண் என்று நிச்சயமாகச் சொல்லலாம். மாறாக, குழிச் சுவரில் பல வகைப் பாறைகளின் கூர்முனைத் துண்டுகள் ஒழுங்கின்றிக் கலந்து கிடந்தால் அது மேலிருந்து சரிந்து வந்த மண். மண்சரிவுகள் நிகழும் மாவட்டம் அது. அத்தகைய குழியில் உலோகம் கூடுதலாகக் கண்டால் அதன் மூலத்தைச் சரிவின் மேற்பக்கத்தில் தேட வேண்டும். குறிப்பேட்டில் இதை எழுதாமல் பை மட்டும் வந்தால், ஆய்வுகூடத்தின் இலக்கத்தை வைத்து எவரும் எதையும் விளக்க முடியாது.

அந்தப் பகுதிக்கே உரிய இரண்டு பொறிகளைச் சொல்ல வேண்டும். முதலாவது தேயிலை. இலங்கையில் 1946 முதல் பரவிய கொப்புள நோயைக் கட்டுப்படுத்தச் செம்பு கலந்த பூஞ்சணக் கொல்லிகளைத் தோட்டங்களில் நெடுங்காலம் தெளித்து வந்தார்கள். நாகக் குறைபாட்டுக்கு நாக சல்பேற்றையும் இலைமேல் தெளிக்கிறார்கள். தேயிலைச் சரிவின் மேல்மண்ணில் செம்பும் நாகமும் சேர்ந்து உயர்ந்திருந்தால் தாது கிடைத்துவிட்டது என்று மகிழ முடியாது. ஒரே குழியில் மேல்மண்ணையும் இரண்டாம் படையையும் தனித்தனியே எடுத்து ஒப்பிடுங்கள். தெளித்த செம்பு மேலே தங்கிக் கீழே போகப்போகக் குறையும். பாறையிலிருந்து வந்த செம்பு கீழே குறையாமல் இருக்கும்.

இரண்டாவது பளிங்குக்கல். மாத்தளைப் பகுதியில் பளிங்கு, தொலமைற்று (மகனீசியம் கலந்த சுண்ணப் பாறை) ஆகியவற்றின் பட்டைகள் ஓடுகின்றன. நம்முடைய சுண்ணக்கல் நிலத்தைப் போலவே அங்கேயும் மண்ணும் நீரும் காரத்தன்மை பெறும்; அமில நீரில் கரைந்து வந்த செம்பும் நாகமும் அவ்விடத்தில் படிந்து நின்றுவிடும். ஓடையின் கீழ்ப்பகுதியில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக மேலே ஒன்றும் இல்லை என்று முடிவு செய்யக்கூடாது. ஒவ்வோர் இடத்திலும் நீரின் பி.எச். பெறுமானத்தை அளந்து எழுதுங்கள். கற்களின் மேல் கறுப்பாக மங்கனீசுப் பூச்சு இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தப் பூச்சு சாதாரண அளவு நாகத்தையும் கோபாற்றையும் உறிஞ்சிச் சேர்த்துப் போலி உயர்வைக் காட்டும். இரும்பு, மங்கனீசு இரண்டையும் ஆய்வுகூடத்தில் கட்டாயம் அளக்கச் சொல்வது இதற்காகவே.

மறுமொழி: வடமராட்சியான்

ஆசிரியர் ஐயா தேயிலை பற்றிச் சொன்னது மிக முக்கியமானது. ஓடை மாதிரிகளுக்கும் அது பொருந்தும். தோட்டத்துக்கு மேலே, காட்டு எல்லையில் ஒரு மாதிரியும் தோட்டத்துக்குக் கீழே ஒரு மாதிரியும் எடுத்தால் வேறுபாடு தெரிந்துவிடும்.

பைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஈரம் தாங்கும் பழுப்புக் கடதாசிப் பை நல்லது, மண் அதற்குள்ளேயே காயும். இலக்கத்தைப் பென்சிலால் பையின் வெளியிலும், ஒரு துண்டில் எழுதி உள்ளேயும் வையுங்கள். இருபதுக்கு ஒன்றாக அதே இடத்தில் இரட்டை மாதிரி எடுங்கள். இரட்டைகளுக்கிடையே உள்ள வேறுபாடு இடத்துக்கிடம் உள்ள வேறுபாட்டைவிடப் பெரிதாக இருந்தால் அந்தப் படத்தில் காணும் உயர்வு தாழ்வுகளுக்குப் பொருளே இல்லை. உங்கள் நகையின் உலோகம் மாதிரியில் கலந்துவிடாதபடி மோதிரம், காப்பு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

கேள்வி கேட்டவர்: கொக்குவில் மாணவி

ஐயாவுக்கும் அண்ணாமாருக்கும் மிக்க நன்றி. நீரேந்து எல்லைகளை இன்று மாலையே வரையத் தொடங்கிவிட்டேன். குழுவின் ஓடைப் புள்ளிகளில் பல, பெரிய ஆற்றின் மேலேயே விழுந்திருப்பது இப்போது தெரிகிறது. இன்னும் இரண்டு சந்தேகங்கள். மண்ணிலுள்ள உலோகங்களைக் கையில் பிடித்து அளக்கும் எக்ஸ்கதிர்க் கருவி ஒன்று குழுவிடம் இருக்கிறதாம். அதை வைத்தே களத்தில் முடிவெடுக்கலாமா? எந்த மாதங்களில் போவது நல்லது?

மறுமொழி: தென்மராட்சி ஆசிரியர்

கருவி உதவும், ஆனால் ஈர மண்ணின் மேல் வைத்தால் அளவு குறைத்தே காட்டும். மாலையில் தங்குமிடத்தில், மண்ணைக் காயவைத்துச் சலித்த பிறகு அளந்து பாருங்கள். செம்பு, நாகம், ஈயம், இரும்பு, மங்கனீசு ஆகியவற்றில் மறுநாள் எந்த ஓடையில் மேலே ஏறுவது என்று முடிவு செய்ய அது போதும். பொன்னுக்கு அது உதவாது. ஆய்வுகூடத்தில் இராச திராவகத்தில் (நைத்திரிக்கமிலமும் ஐதரோகுளோரிக்கமிலமும் சேர்ந்த கலவையில்) கரைத்து அளந்த பெறுமானங்களோடு கருவியின் பெறுமானங்களை ஒரே படத்தில் கலக்க வேண்டாம்.

மாத்தளைக்கு ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை மழை கூடுதல். பெருவெள்ளம் படுக்கையைப் புரட்டி, கரை மண்ணை அள்ளிப் போட்டுவிடும். பெப்ரவரி, மார்ச் மாதங்களில் மழை குறைந்து, ஓடை வடிந்து, படுக்கை வெளியே தெரியும். எல்லா ஓடைகளையும் அந்த ஒரே பருவத்துக்குள் முடிக்கப் பாருங்கள்.

புறப்படுமுன் ஒன்றைக் குழுவிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கனியத் தேடலுக்கு 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஆய்வு அனுமதிப்பத்திரம் வேண்டும். நக்கிள்ஸ் பாதுகாப்புக் காட்டின் எல்லை அந்தச் சரிவுகளுக்கு மேலே போகிறது, அதற்குள் காலடி வைக்க வனத் திணைக்களத்தின் அனுமதி தனியாக வேண்டும். அனுமதிப்பத்திரங்களின் பிரதி ஒன்றைப் பையில் வைத்திருங்கள். காட்டு எல்லையையும் நீங்கள் வரையும் நீரேந்துப் படத்திலேயே குறித்துக்கொண்டால், எந்த ஓடையில் எதுவரை ஏறலாம் என்பது களத்துக்குப் போகுமுன்பே தெரிந்துவிடும்.