கிரானைட் தூசி, நாலு ஹார்ட் டிஸ்க்: எந்த கேபினட் வாங்கலாம்?

கிருஷ்ணகிரி ஸ்டூடியோ:
கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். கடைக்குப் பின்னால் கிரானைட் பட்டறை. அங்கே கல் ஓரத்தைத் தேய்க்க ஆரம்பித்தால் வெள்ளைத் தூசி கீபோர்டு வரைக்கும் வந்து படியும். இப்போதுள்ள கம்ப்யூட்டர் கேபினட்டில் மூணரை இஞ்ச் ஹார்ட் டிஸ்க் இரண்டுக்குத்தான் இடம். மற்ற இரண்டும் கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி மேல் படுத்திருக்கின்றன. புது கிராபிக்ஸ் கார்டு 320 மி.மீ. நீளம், அது நுழையவே இல்லை. கடையில் முன்பக்கமும் பக்கவாட்டும் கண்ணாடி வைத்து, கலர் லைட் எரியும் கேபினட் ஒன்றைக் காட்டுகிறார்கள். பார்க்க அம்சமாக இருக்கிறது. ஆவணி முகூர்த்தத்துக்குள் மாற்றியாக வேண்டும். எதை வாங்கலாம்?

ஓசூர்க்காரன்:
கோர்சேர் 4000டி ஏர்ஃப்ளோ. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 360 மி.மீ. கார்டு வரை உள்ளே போகும்.

தருமபுரி சர்வீஸ்:
தம்பி, கண்ணைத் திறந்தே வாங்கட்டும். 4000டி நல்ல பெட்டிதான், ஆனால் அதிலும் மூணரை இஞ்ச் டிஸ்க் இரண்டுதான் நிற்கும்.

ஸ்டூடியோக்காரரே, கண்ணாடியை விடுங்க. முன்னால் அடைத்துவிட்டால் காற்று அடியிலும் பக்கத்திலும் இருந்துதான் வரணும். தரையில் வைத்தால் கடையையே அது கூட்டிவிடும்.

டிஸ்க்தான் முக்கியம் என்றால் ஃப்ராக்டல் டிசைன் டிஃபைன் ஆர்5 மாதிரி தேடுங்க. 2014-இல் வந்த மாடல், எட்டு டிஸ்க் கொள்ளும். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு: டிஸ்க் கூண்டு இருந்தால் கார்டுக்கு 310 மி.மீ.தான், கழற்றினால் 440. உங்கள் கார்டுக்குக் கழற்றித்தான் ஆகணும். கழற்றிய பிறகு எத்தனை டிஸ்க் நிற்கும் என்று கடையிலேயே பிரித்து எண்ணுங்க. செகண்ட் ஹேண்ட் என்றால் டிஸ்க் மாட்டும் தட்டுகளையும் எண்ணுங்க, பாதி காணாமல் போயிருக்கும்.

அப்புறம் ஃபில்டர். எஸ்.எம்.பி.எஸ். அடியில் இருக்கும் வலை முன்பக்கமாக உருவ வரணும். பின்பக்கம் உருவுவது என்றால் பெட்டியைச் சுவரிலிருந்து இழுக்கணும், ஒயரையெல்லாம் பிடுங்கணும், யாரும் கழுவுவதில்லை. என்னிடம் வரும் பெட்டிகளில் அந்த வலை கம்பளி மாதிரி இருக்கும்.

உள்ளே இழுக்கும் ஃபேன் கூடுதலாக இருக்கட்டும், வெளியே தள்ளுவது ஒன்று மட்டும் போதும். பின்பக்க இடுக்கருகே ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்க. புகை உள்ளே போனால் ஃபேன் கணக்கு தப்பு.

கிருஷ்ணகிரி ஸ்டூடியோ:
கண்ணாடிக்குப் பதில் முன்னால் மெஷ் (சல்லடை வலை) என்றால் தூசி நேராக வராதா அண்ணா?

தருமபுரி சர்வீஸ்:
ஃபில்டர் வழியாக வந்தால் பெரும்பகுதி அதிலேயே நிற்கும். முன்னால் அடைத்தால் ஃபில்டர் இல்லாத ஓட்டை வழியாகவெல்லாம் இழுக்கும். நைசான கல் தூள் கொஞ்சம் உள்ளே வரத்தான் செய்யும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்க.

பாலக்கோட்டுக்காரர்:
எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் ஏன் அடைக்கணும்? முடிந்த கல்யாணத்தை வெளி டிஸ்க்கில் போட்டு பீரோவில் வையுங்க. 4000டி-யே போதும்.

கிருஷ்ணகிரி ஸ்டூடியோ:
போன வருஷக் கல்யாணத்துக்கு இப்போதுதான் ஆல்பம் கேட்கிறார்கள் சார், அதனால் நாலும் உள்ளேயே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் கடைகளுக்குப் போய்ப் பார்க்கிறேன்.

ஓசூர்க்காரன்:
ஞாயிறு வேண்டாம், பாதிக் கடை பூட்டியிருக்கும். சனிக்கிழமை போங்க, கையோடு அளக்கிற டேப் எடுத்துக்கொள்ளுங்க.