பார்வையற்றவர் தனியாக டெபியன் நிறுவ வழியுண்டா?

கேள்வி:
நான் முழுமையாகப் பார்வையற்றவன். விண்டோஸில் திரையிலுள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் என்விடிஏ திரைவாசிப்பானைக் கொண்டே எல்லா வேலைகளையும் செய்துவருகிறேன். என்னிடமுள்ள மடிக்கணினியில் விண்டோஸை நீக்கிவிட்டு டெபியன் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை நிறுவ விரும்புகிறேன். ஒவ்வொரு முறையும் யாராவது வந்து திரையைப் படித்துச் சொல்லும்வரை காத்திருக்க எனக்கு மனமில்லை. தொடக்கத்திலிருந்தே குரலைக் கேட்டு நிறுவ வழியுண்டா?

மறுமொழி 1:
உண்டு, ஐயா. டெபியனை நிறுவும் மென்பொருளான நிறுவியிலேயே பேச்சு வசதி இருக்கிறது. நிறுவி பதிந்த பென் டிரைவிலிருந்து கணினி தொடங்கி, தெரிவுகளின் பட்டி தயாரானதும் பீப் ஒலி கேட்கும். அப்போது எஸ் விசையையும் அடுத்து என்டரையும் அழுத்திவிட்டுச் சற்றுப் பொறுத்திருந்தால் குரல் பேசத் தொடங்கும். ஒலி அட்டைகள் ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒவ்வொன்றின் வழியாகவும் பேசிப் பார்க்கும். குரல் காதில் விழுந்ததும் என்டரை அழுத்த வேண்டும். பிறகு வரும் கேள்விகளுக்கான தெரிவுகள் எண்ணிட்டு வாசிக்கப்படும். வேண்டிய எண்ணைத் தட்டி என்டர் கொடுத்தால் போதும்.

வன்தட்டைப் பிரிக்கும் கட்டத்தில் மட்டும் அவசரமே கூடாது. பென் டிரைவும் அதே பட்டியலில் வரக்கூடும் என்பதால், பெயரோடு கொள்ளளவையும் கேட்டு உறுதிசெய்யுங்கள். மாற்றங்களை வட்டில் எழுதலாமா என்று நிறுவி கேட்கும்போது, 'இல்லை' என்பதே முன்னிருப்பு விடையாக இருக்கும்.

மறுமொழி 2:
உண்மையான தடை அந்த பீப் ஒலிக்கு முன்பே இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது என்று கணினிக்குச் சொல்லும் பயாஸ் திரை பேசாது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இந்நிலை நீடிப்பது எனக்குப் பெரும் வருத்தம். ஆகவே விண்டோஸ் இருக்கும்போதே, அமைப்புகளில் மீட்புப் பகுதிக்குச் சென்று, மேம்பட்ட தொடக்கத்தின் வழியாகக் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். அடுத்து வரும் நீலத் திரையில் விண்டோஸ், கன்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால், ஒலி அட்டை அங்கே இயங்கும் பட்சத்தில், விண்டோஸின் சொந்தத் திரைவாசிப்பானான நரேட்டர் பேசும். பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ உள்ள கணினியானால், சாதனத்தைப் பயன்படுத்தும் தெரிவில் பென் டிரைவைத் தேர்ந்தெடுக்கலாம். குரல் வராவிட்டால், இந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் நண்பரை வீடியோ அழைப்பில் திரையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. நிறுவி முடித்தபின் குரல் தொடர்ந்து வருமா? தமிழில் பேசுமா?

மறுமொழி 1:
பேச்சு வசதியோடு நிறுவினால், புதிய இயங்குதளத்திலும் அது தானாகவே அமைக்கப்பட்டுவிடும். பணிமேடையாக, அதாவது திரைச்சூழலாக, மேட்டேயைத் தேர்ந்தெடுங்கள். அதில் ஓர்கா திரைவாசிப்பான் நன்றாக இயங்குகிறது. நிறுவும்போது ஆங்கிலத்தையே வைத்துக்கொண்டு, பிறகு ஓர்காவின் விருப்பங்களில் ஈஸ்பீக் என்னும் பேச்சு மென்பொருளின் தமிழ்க் குரலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.