அமெரிக்காவில் முதல் டாக்ஸ் சீசனா? புதுச் சட்டம் வந்திருக்கிறது, உங்கள் மாநிலம் அதை ஏற்றதா என்று பாருங்கள்

போன மாதம் பிரிட்ஜ்வாட்டர் கோயில் பார்க்கிங்கில் ஒரு தம்பி என்னை நிறுத்திக் கேட்டார்: "அண்ணா, ஊருக்கு அனுப்புற காசுக்கு அஞ்சு சதவீதம் வரியாமே? அதான் டிசம்பர்ல இருந்து அப்பாவுக்கு அனுப்பவே இல்லை." அவர் தினமும் கையில் வைத்திருக்கும் போனில் வந்த ஒரு பார்வர்டுதான் காரணம். அவருடைய அப்பா மருந்துச் செலவுக்கு இந்தப் பணத்தை எதிர்பார்த்து இருப்பவர். அன்றிரவே இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் நியூஜெர்சிக்கு வந்து 14 வருடம் ஆகிறது. என்ரோல்டு ஏஜென்ட் (ஃபெடரல் வரித் துறையின் உரிமம் பெற்ற வரி ஆலோசகர்) தேர்வு எழுதிவிட்டு, சீசனில் நம் ஆட்களுக்கு ரிட்டர்ன் (வருடாந்திர வரிக் கணக்கு) போட்டுத் தருகிறேன். புதிதாக வந்தவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான். உங்கள் சம்பளத்தின் மேல் இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. ஒன்று வாஷிங்டன் போடும் ஃபெடரல் சட்டம், இன்னொன்று நீங்கள் குடியிருக்கும் மாநிலத்தின் சட்டம். செய்தியில் வருவது பெரும்பாலும் முதலாவதுதான். இரண்டாவது அதன் பின்னாலேயே போகும் என்று நினைத்துக்கொண்டால் அடி விழும்.

முதலில் அந்தத் தம்பியின் கேள்வி. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான பெரிய வரிச் சட்டத்தில் வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு வரி உண்டு, அது உண்மை. மசோதாவாக இருந்தபோது 5 சதவீதம், பிறகு 3.5 சதவீதம், கடைசியில் 1 சதவீதமாகி நின்றது. 2026 ஜனவரி 1 முதல் அமல். ஆனால் அது ரொக்கம், மணி ஆர்டர், கேஷியர்ஸ் செக் மாதிரி கையில் கொடுத்து அனுப்பும் பணத்துக்கு மட்டும். அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்தோ, இங்கே வழங்கப்பட்ட டெபிட், கிரெடிட் கார்டிலிருந்தோ போகும் பணத்துக்கு இந்த வரி கிடையாது. மதுரைக்கு அனுப்பினாலும் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினாலும் இதே கதைதான். ஆப் வழியாக வங்கிக் கணக்கிலிருந்து அனுப்புபவர்கள் நிம்மதியாக அனுப்புங்கள். கடையில் போய் ரொக்கம் கட்டி அனுப்பும் பழக்கம் இருந்தால் அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

அதே சட்டத்தில் நம்மைத் தொடுகிற மற்ற விஷயங்களையும் பார்ப்போம். ரசீது காட்டாமல் வருமானத்தில் கழித்துக்கொள்ளும், 2025க்கான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் தனி ஆளுக்கு 15,750 டாலர், கணவன் மனைவி சேர்ந்து போட்டால் 31,500. குழந்தைக்கான கிரெடிட் (வரியிலேயே நேராகக் குறையும் தொகை) 2,200 டாலர். ஆனால் குழந்தைக்கு எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி எண்) வேண்டும், அது பழைய நிபந்தனை. பெற்றோரில் ஒருவருக்காவது வேலை செய்யத் தகுதியுள்ள எஸ்எஸ்என் வேண்டும் என்பது புதிதாக வந்த நிபந்தனை. ஊரில் பிறந்து எச்-4 குடும்ப விசாவில் வந்த குழந்தைக்கு, எஸ்எஸ்என் இல்லாதவர்களுக்குத் தரும் ஐடின் எண்தான் கிடைக்கும், அதற்கு 500 டாலர் கிரெடிட் மட்டும். 2025 முதல் 2028 வரை இங்கே பிறக்கும் குடியுரிமையுள்ள குழந்தைக்கு அரசே 1,000 டாலர் போட்டுத் தொடங்கும் கணக்கு ஒன்று உண்டு. 4547 என்ற படிவத்தில் கேட்டால்தான் வரும். கைக்குழந்தை உள்ளவர்கள் மறந்துவிடாதீர்கள்.

கார் கடன் வட்டிக்கு வருடம் 10,000 டாலர் வரை கழிவு என்பதைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். புதுக் காராக இருக்க வேண்டும், அமெரிக்காவில் கடைசி அசெம்ப்ளி நடந்திருக்க வேண்டும், கடன் 2025இலோ அதற்குப் பிறகோ எடுத்ததாக இருக்க வேண்டும். தனி ஆளின் வருமானம் 1 லட்சம் டாலரையும் தம்பதியின் வருமானம் 2 லட்சத்தையும் தாண்டினால் கழிவு குறைந்துகொண்டே போகும். வந்த புதிதில் நாம் வாங்குவது பெரும்பாலும் பழைய காராகத்தான் இருக்கும், அதற்கு இது கிடையாது. லீஸுக்கும் கிடையாது. இந்தக் கழிவுக்காகக் கடனைக் கூட்டிப் புதுக் கார் எடுக்காதீர்கள், கணக்குப் போட்டால் கட்டுப்படியாகாது.

சரி, இனி மாநிலம். இங்கேதான் நான் அதிக நேரம் செலவிடப் போகிறேன், ஏனென்றால் தவறுகள் அதிகம் நடப்பது இங்கேதான்.

ஃபெடரல் சட்டம் மாறினால் சில மாநிலங்கள் தானாகவே அதனுடன் மாறும். சில மாநிலங்கள் ஒரு தேதியைக் குறித்து, அன்று வரை இருந்த ஃபெடரல் சட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். கலிபோர்னியா பல வருடங்கள் 2015 ஜனவரி 1 என்ற தேதியிலேயே நின்றிருந்தது. 2025 அக்டோபரில்தான் அதை 2025 ஜனவரி 1க்கு நகர்த்தினார்கள். ஜூலையில் வந்த சட்டம் அந்தத் தேதிக்குப் பிந்தியது, ஆகவே அதன் சலுகைகள் கலிபோர்னியா ரிட்டர்னில் வராது. நியூஜெர்சியோ ஃபெடரல் கணக்கிலிருந்து தொடங்குவதே இல்லை. அதற்கு அதன் சொந்தக் கணக்கு. இங்கே ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் என்ற ஒன்றே இல்லை.

கம்பெனி தரும் வருடச் சம்பளச் சான்றான டபிள்யூ-2வை எடுத்துப் பாருங்கள். பாக்ஸ் 1இல் ஃபெடரல் சம்பளம், பாக்ஸ் 16இல் மாநிலச் சம்பளம். நியூஜெர்சியில் பெரும்பாலானோருக்கு 16இல் உள்ள தொகை பெரியதாக இருக்கும். கம்பெனி தப்பாகப் போட்டுவிட்டது என்று எச்ஆருக்கு மெயில் அனுப்பியவர்களை எனக்குத் தெரியும். தப்பில்லை. சம்பளத்தில் பிடிக்கும் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கும் எச்எஸ்ஏவில் (மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு) போடும் பணத்துக்கும் ஃபெடரலில் வரி கிடையாது, நியூஜெர்சியில் உண்டு. எச்எஸ்ஏவைக் கலிபோர்னியாவும் ஒப்புக்கொள்ளாது. அந்த எண்களை நீங்களாகத் திருத்தாதீர்கள்.

எடிசனிலோ ஜெர்சி சிட்டியிலோ இருந்துகொண்டு மன்ஹாட்டனில் வேலை பார்ப்பவர்கள் நம்மில் ஏராளம். இரண்டு மாநிலத்துக்கும் ரிட்டர்ன் போட வேண்டும். நியூயார்க்கில் வெளியூர்க்காரராக, நியூஜெர்சியில் குடியிருப்பவராக. நியூயார்க் கணக்கை முதலில் முடியுங்கள், ஏனென்றால் அங்கே கட்டிய வரிக்குத்தான் நியூஜெர்சி கிரெடிட் தரும். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன், அந்த நாட்களுக்கு நியூயார்க் வரி ஏன் என்று கேட்பீர்கள். கம்பெனியின் தேவைக்காக இல்லாமல் உங்கள் வசதிக்காக வீட்டிலிருந்தால், அதுவும் நியூயார்க் நாள்தான் என்பது அந்த மாநிலத்தின் விதி. கனெக்டிகட்டில் குடியிருக்கும் சட்டப் பேராசிரியர் எட்வர்ட் செலின்ஸ்கி இதை எதிர்த்து வருடக்கணக்காக வழக்காடி வருகிறார். 2020இல் கோவிட் முடக்கத்தில் வீட்டிலிருந்த நாட்கள்கூட அந்த வழக்கில் உண்டு. 2025 மே மாதம் நியூயார்க்கின் வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அவருக்கு எதிராகவே முடிவு சொன்னது. வரிச் சட்டம் படித்து, சொல்லிக்கொடுத்து, தன் வழக்கைத் தானே நடத்துபவருக்கே அந்த நிலைமை. நண்பர் சொன்னார் என்று வீட்டு நாட்களைக் கழித்துவிடாதீர்கள்.

பென்சில்வேனியாவில் வேலை, நியூஜெர்சியில் வீடு என்றால் நிலைமை வேறு. அந்த இரண்டு மாநிலங்களுக்கும் ஒப்பந்தம் உண்டு, சம்பளத்துக்குக் குடியிருக்கும் மாநிலம் மட்டும்தான் வரி போடும். வேலையில் சேர்ந்ததும் கம்பெனியிடம் அதற்கான படிவத்தைக் கொடுத்துவிட்டால் பிடித்தமே சரியாக நடக்கும். பிலடெல்பியா நகர வரி இதில் அடங்காது, அது தனி.

டெக்சாஸ், புளோரிடா, வாஷிங்டன் மாநிலத்துக்குப் போனவர்களுக்குச் சம்பளத்தின் மேல் மாநில வரி இல்லை. ஆனால் வருட நடுவில் மாறியிருந்தால் பழைய மாநிலத்துக்குப் பகுதி வருட ரிட்டர்ன் போட வேண்டும்.

நியூஜெர்சியில் வாடகைக்கு இருப்பவர்கள் ஆங்கர் என்ற திட்டத்தைத் தேடிப் பாருங்கள். வருமானம் 1,50,000 டாலருக்குள் இருக்கும் வாடகைதாரருக்கு 450 டாலர் கிடைக்கும். வீட்டு உரிமையாளருக்கு மட்டும்தான் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். வீடு வாங்கியவர்களுக்கு ஃபெடரலில் நல்ல செய்தி. மாநில வருமான வரியும் சொத்து வரியும் சேர்த்து 10,000 டாலர் வரைதான் கழிக்கலாம் என்று 2018 முதல் இருந்த உச்சவரம்பு, 2025க்கு 40,000 ஆகியிருக்கிறது. சொத்து வரி 14,000, மாநில வரி 12,000, வீட்டுக் கடன் வட்டி 15,000 என்று வையுங்கள். பழைய கணக்கில் 25,000தான் தேறும். இப்போது 41,000, அதாவது ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனைவிட 9,500 அதிகம். வருமானம் 5 லட்சம் டாலரைத் தாண்டினால் இந்த உச்சவரம்பு சுருங்கத் தொடங்கும்.

அடுத்து ஊரில் இருக்கும் பணம். இதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். முதல் சில வருடங்கள் எனக்கு ரிட்டர்ன் போட்டுத் தந்தவர், இந்தியாவில் கணக்கு இருக்கிறதா என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. என்ஆர்இ (வெளிநாடுவாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கு) வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பதால் இங்கேயும் இருக்காது என்று நானும் நம்பினேன். வரிக் கணக்கில் நீங்கள் ரெசிடென்ட் (இங்கே குடியிருப்பவர்) ஆகிவிட்டால் உலகத்தில் எங்கே வட்டி வந்தாலும் வருமானம்தான். இந்தியாவில் வரி கட்டாததால் கழித்துக்கொள்ள கிரெடிட்டும் இருக்காது. 2017இல் விழித்துக்கொண்டு, மூன்று வருட ரிட்டர்ன்களைத் திருத்தி, விட்டுப்போன எஃப்பார் அறிக்கைகளைப் போட்டு, இருப்பில் 5 சதவீதம் அபராதமும் கட்டினேன். நானாக முன்வந்ததால் அதோடு முடிந்தது. அந்த ராத்திரிகளில் தூக்கம் இல்லை. உங்களுக்கு அது வேண்டாம்.

எஃப்பார் என்பது வரி இல்லை, அறிக்கை. வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாவற்றிலும் சேர்த்து வருடத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் போட வேண்டும். அப்பாவோடு வைத்திருக்கும் ஜாயின்ட் அக்கவுண்டும் கணக்கில் வரும், அதில் உங்கள் காசு ஒரு ரூபாய் இல்லாவிட்டாலும். தெரியாமல் விட்டவருக்கு ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனி அபராதம் என்று ஐஆர்எஸ் (ஃபெடரல் வரித் துறை) போட்டுவந்தது. அலெக்சாண்ட்ரு பிட்னர் என்பவரிடம் 272 கணக்குகளுக்கு 27.2 லட்சம் டாலர் கேட்டார்கள். 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், வருடத்துக்கு ஒரு அறிக்கை, ஒரு அபராதம் என்று சொல்லி அதை ஐந்து வருடத்துக்கு 50,000 ஆக்கியது. பெரிய ஆறுதல்தான். ஆனாலும் வருடத்துக்கு ஒன்று என்றாலே சம்பளக்காரருக்கு வலிக்கும்.

இந்திய மியூச்சுவல் ஃபண்டில் எஸ்ஐபி ஓடிக்கொண்டிருக்கிறதா? அமெரிக்கச் சட்டம் அதை மிகக் கடுமையாகப் பார்க்கிறது. விற்கும்போது வரும் லாபத்தை வைத்திருந்த வருடங்களுக்கெல்லாம் பிரித்து, உச்ச விகிதத்தில் வரியும் அதற்கு வட்டியும் போடும். அதற்கு 8621 என்ற தனிப் படிவம், ஃபண்டுக்கு ஒன்று. நீங்கள் இன்னும் நான்-ரெசிடென்டாக இருக்கும் காலத்திலேயே விற்றால் அமெரிக்கா அந்த லாபத்தைத் தொடாது. மாணவர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். எப்-1 மாணவர் விசாவில் வந்தவருக்கு வந்த வருடத்தையும் சேர்த்து ஐந்து காலண்டர் வருடங்கள் அந்த அவகாசம் உண்டு. 2021 ஆகஸ்டில் வந்தவருக்கு 2025உடன் முடிந்துவிட்டது.

மாணவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். இந்தியாவுடன் உள்ள வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவுப்படி, இந்தியாவிலிருந்து வந்த மாணவர் நான்-ரெசிடென்டாக இருந்தாலும் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுக்கலாம். இலங்கையிலிருந்து வந்த மாணவருக்கு இந்த வழி இல்லை. அப்புறம், அந்த ஐந்து வருடத்துக்குள் ஓபிடியில் (மாணவர் விசாவில் வேலை பார்க்கத் தரும் அனுமதி) வேலை பார்த்தால் சோஷியல் செக்யூரிட்டிக்கும் மெடிகேருக்கும் பிடிக்கும் 7.65 சதவீதம் உங்களுக்குக் கிடையாது. பிடித்திருந்தால் முதலில் கம்பெனியிடம் கேளுங்கள். தராவிட்டால் 843 படிவத்தில் ஐஆர்எஸ்ஸிடம் கேளுங்கள்.

உங்களுக்கு ரிட்டர்ன் போட்டுத் தருபவர் தன் பெயரில் கையெழுத்தும் பதிவு எண்ணும் போட மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவை டிபென்டன்ட்டாகப் போட்டு ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன் என்று சொன்னாலும் அப்படியே. அது முடியாது.

நேற்று ஒருவர் கேட்டது: "2025 செப்டம்பர் 1 அன்று எச்-1பியில் வந்தேன், மனைவி எச்-4. சேர்ந்து போடலாமா?" நீங்கள் 2025இல் 122 நாள்தான் இங்கே இருந்தீர்கள், ரெசிடென்ட் ஆகத் தேவையான 183 ஆகவில்லை. அப்படியே விட்டால் நான்-ரெசிடென்ட் ரிட்டர்ன், ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் இல்லை. ஆனால் முதல் வருடத்திலேயே ரெசிடென்ட்டாகத் தேர்வு செய்துகொள்ளவும், மனைவியையும் சேர்த்து முழு வருடத்துக்கு 31,500 எடுக்கவும் வழி இருக்கிறது. ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை வாங்கிய இந்தியச் சம்பளத்தையும் காட்ட வேண்டும், அங்கே கட்டிய வரிக்குக் கிரெடிட் கிடைக்கும். மனைவியின் ஐடினுக்கு டபிள்யூ-7 படிவத்தை ரிட்டர்னோடு சேர்த்துத் தபாலில் அனுப்ப வேண்டியிருக்கும். ஒன்று கவனியுங்கள்: 2026இலும் நாள் கணக்கு நிறைந்த பிறகுதான் இந்தத் தேர்வைச் செய்ய முடியும். கடந்த வருட நாட்களில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 40 சொச்சம் சேர்ந்து, இடையில் ஊருக்குப் போகாமல் இருந்தால் மே 23 வாக்கில் நிறையும். ஆகவே ஏப்ரல் 15க்குள் 4868 படிவம் போட்டு அக்டோபர் 15 வரை அவகாசம் வாங்குங்கள். அந்த அவகாசம் ரிட்டர்னுக்குத்தான், பணத்துக்கு இல்லை. வரி பாக்கி வரும் என்று தோன்றினால் அதை ஏப்ரலிலேயே கட்டிவிடுங்கள். மாநிலத்துக்கும் அவகாச விதியைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.