அப்பாவின் பழைய மெசேஜ்களைப் புது போனுக்கு மாற்ற வழி சொல்லுங்கள்

நண்பர்களே, ஒரு உதவி. பத்து வருஷத்துக்கும் மேலாக நோக்கியா 6300 வைத்திருந்தேன். இப்போதுதான் ஆண்ட்ராய்டுக்கு மாறினேன். எண்களை எல்லாம் புளூடூத்தில் அனுப்பிவிட்டேன், அதில் பிரச்சினை இல்லை. எஸ்எம்எஸ்தான் வரவில்லை.

அதில் சுமார் 200 மெசேஜ் சேமித்து வைத்திருக்கிறேன். பெரும்பாலும் அப்பா அனுப்பியவை. "பஸ் ஏறிட்டியா", "காசு போட்டாச்சு" மாதிரி, ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ். அவர் இப்போது இல்லை. அதனால் ஒன்றைக்கூட விட மனசில்லை.

சிம்முக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார் கடைக்காரர். ஆனால் சிம்மில் சில டஜன் மெசேஜ்தான் நிற்கும். 160 எழுத்தைத் தாண்டியது என்றால் ஒரே மெசேஜ் இரண்டு மூன்று இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்பாவோ கடிதம் மாதிரிதான் எழுதுவார்!

அப்புறம், வீட்டுப் பழைய லேப்டாப்பில் நோக்கியா பிசி சூட் போட்டு பேக்கப் எடுத்தேன். என்பியு என்று முடியும் ஒரே ஃபைல் வந்தது. புது போன் அதைத் திறக்க மாட்டேன் என்கிறது. எஸ்எம்எஸ் பேக்கப் அண்ட் ரீஸ்டோர் ஆப் எக்ஸ்எம்எல் ஃபைலைத்தான் கேட்கிறது.

என்பியுவை எக்ஸ்எம்எல்லாக மாற்றியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? தேதியும் நேரமும் மாறாமல் வருமா? ஒவ்வொன்றாக ஃபோட்டோ எடுத்து வை என்கிறாள் தங்கை. சரி, அது கடைசி வழி. பழைய போனை இன்னும் ரீசெட் செய்யவில்லை, பத்திரமாக இருக்கிறது.