ஐசியூவில் தினமும் காலையில் மயக்க மருந்தை நிறுத்துகிறார்களே, ஏன்?

மாடிவீட்டுமகள்:
அப்பாவுக்கு 67 வயது. நிமோனியா முற்றி, வென்டிலேட்டரில் வைத்து இன்று ஆறாவது நாள். காலையில் பார்க்கப் போனால் கண்ணை உருட்டுகிறார், கட்டிலோடு கட்டியிருக்கிற கையை இழுக்கிறார், கண்ணோரம் தண்ணீர் வழிகிறது. நர்சிடம் கேட்டால் "தினமும் மயக்க மருந்தை நிறுத்திப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டுக்குப் போய்விட்டார். "தூங்கிக்கிட்டாவது இருந்தார், அதையும் கெடுக்கிறாங்களே" என்று அம்மா ஒரே அழுகை. தொண்டையில் குழாய் இருக்கும்போது ஆளை எதற்கு எழுப்ப வேண்டும்? மருந்துச் செலவை மிச்சம் பிடிக்கிறார்களோ என்று சித்தப்பா வேறு கிளப்பிவிட்டிருக்கிறார்.

நைட்டூட்டி:
பதினோரு வருஷமாக ஐசியூ நர்ஸ். சித்தப்பாவிடம் சொல்லுங்கள், எங்களுக்கு மயக்கத்தில் இருக்கிற பேஷன்ட்தான் வசதி. எழுப்பிவிட்டால் குழாயைப் பிடுங்கிவிடுவாரோ என்று பக்கத்தை விட்டு நகர முடியாது. மிடாசோலம் மாதிரி மயக்க மருந்து நாள்கணக்கில் ஓடினால், அதுவும் சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கு, உடம்பில் தேங்கிவிடும். பம்பை நிறுத்தி ஒரு நாள் ஆகியும் கண் திறக்காதவர்களைப் பார்த்திருக்கிறேன், மருந்தா இல்லை மூளையில் ஏதாவதா என்று தெரியாமல் ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு ஓடுவோம். ஆனால் கையைக் கட்டியிருப்பதைப் பற்றி நீங்கள் கேட்கலாம். நீங்கள் நின்று கையைப் பிடித்துக்கொள்கிற நேரமாவது அவிழ்க்கச் சொல்லுங்கள்.

மயக்கவியல்_பிஜி:
அந்த ஸ்கேன் விஷயம் ஆராய்ச்சியிலேயே இருக்கிறது. 2000-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 128 பேரை வைத்துப் பார்த்தார்கள். தினம் ஒரு தடவை மருந்தை நிறுத்தி எழுப்பியவர்கள் வென்டிலேட்டரில் இருந்தது 4.9 நாள், மற்றவர்கள் 7.3 நாள் (இரண்டும் இடைநிலை அளவு). நினைவு ஏன் திரும்பவில்லை என்று பார்க்க ஸ்கேன் மாதிரி சோதனைகள் தேவைப்பட்டது 27 சதவீதத்துக்குப் பதில் 9 சதவீதம் பேருக்குத்தான். 2008-இல் அமெரிக்காவில் நான்கு மருத்துவமனைகளில் 336 பேர்: தானாக மூச்சு விடுகிறாரா என்று இரண்டு குழுவிலும் சோதித்தார்கள், ஒரு குழுவில் மட்டும் அதற்கு முன் மருந்தை நிறுத்தி எழுப்பினார்கள். ஒரு வருஷம் கழித்து எழுப்பிய குழுவில் உயிரோடு இருந்தவர்கள் அதிகம். குழாயைத் தாங்களே பிடுங்கிக்கொண்டவர்களும் அதில்தான் அதிகம், 16 பேர், எதிர்க்குழுவில் 6. ஆனாலும் மறுபடி குழாய் போட வேண்டி வந்தவர்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

எல்லோரையும் எழுப்ப மாட்டார்கள். வலிப்பு நிற்காதவர், மண்டைக்குள் அழுத்தம் ஏறியவர், தசைகளைத் தளர்த்தும் மருந்தில் இருப்பவர், இவர்களுக்கெல்லாம் கிடையாது. உங்கள் அப்பாவை எழுப்புகிறார்கள் என்றால் அவருக்கு இப்படிப்பட்ட தடை எதுவும் இல்லை என்று அர்த்தம்.

புள்ளிவிவரப்புலி:
சரி, மீதிக் கதையையும் சொல்லுங்கள் டாக்டர். 2012-இல் கனடாக்காரர்கள் முன்னின்று 423 பேரிடம் செய்த ஆய்வில், ஏற்கெனவே லேசான மயக்கத்திலேயே வைத்திருந்தவர்களுக்கு இந்தத் தினசரி நிறுத்தம் கூடுதலாக ஒன்றும் கொடுக்கவில்லை. குழாயை எடுக்க இரண்டு பக்கமும் 7 நாள்தான், நர்சுகளுக்கு வேலை கூடியதுதான் மிச்சம். மயக்க மருந்தே வேண்டாம் என்று டென்மார்க்கில் கிளம்பினார்கள், 2020-இல் 700 பேரிடம் பார்த்தபோது இறப்பில் பெரிய வித்தியாசமில்லை. ஆளை ஆழத்தில் அமுக்கி வைக்காமல் இருந்தால் போதும், பத்து மணிக்கு சுவிட்சை அணைப்பதில் மந்திரம் எதுவும் இல்லை.

மயக்கவியல்_பிஜி:
ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நர்ஸ் பற்றாக்குறையில் மணிக்கு மணி அளவைக் குறைக்க ஆள் இல்லாத இடத்தில், தினம் ஒரு தடவை நிறுத்துவதுதான் நடக்கிற காரியம்.

பழையபேஷன்ட்:
2021 கொரோனாவில் ஒன்பது நாள் குழாயோடு கிடந்தேன். எழுந்தது கஷ்டம்தான், ஆனால் அதைவிடக் கொடுமை அந்த அரைமயக்கக் கனவுகள். கட்டில் கப்பலில் போகிறது, நர்ஸ் என்னை யாருக்கோ விற்கப் பேரம் பேசுகிறார், இன்றைக்கும் அந்தப் பேரத் தொகை நினைவிருக்கிறது. என் மனைவி உள்ளே வந்ததும் முதலில் கிழமையைச் சொல்வாள், அப்புறம் எந்த ஊரில் இருக்கிறேன் என்பதை. அப்பா கண்ணாடி போடுகிறவரா? கொண்டுபோய்ப் போட்டுவிடுங்கள்.

மாடிவீட்டுமகள்:
கண்ணாடி போட்டுவிட்டோம். கட்டை அவிழ்த்து பேனா கொடுத்தார்கள், பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டு கோணல்மாணலாக "மோட்டார்" என்று எழுதினார். வீட்டில் தண்ணீர் மோட்டாரை அணைத்தோமா என்று கேட்கிறாராம், அம்மாதான் கண்டுபிடித்தாள். நாளைக்கு மூச்சு சோதனை என்கிறார்கள். சித்தப்பாவிடம் இன்னும் பேசவில்லை.