வெடிச் சத்தமும் வாயில்லா ஜீவன்களும்: எங்கள் வீட்டில் நடந்தது, உங்களுடையதும் சொல்லுங்கள்

மண்டபம் பக்கம் எங்கள் வீடு. போன தீபாவளிக்கு முந்தின ராத்திரி தெருமுனையில் பத்தாயிரம் வாலா கொளுத்தினார்கள். எங்கள் மணி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டான். ஐந்து வருடமாக வளர்க்கிறோம், அதுவரை தெருவைத் தாண்டாத நாய். மூன்றாம் நாள், கரையில் ஏற்றிப் போட்டிருந்த வள்ளத்துக்கு அடியில் குழி பறித்துக் கிடந்தான். இரண்டு நகம் பிய்ந்திருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டும் வரவில்லை. என் மகள் மணலில் படுத்துத் தவழ்ந்து போய்த்தான் இழுத்து வந்தாள்.

நாலு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் 125 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது வெடிக்கு உள்ள விதி. அந்த அளவே நமக்குக் காது அடைக்கும். நமக்குக் கேட்காத கீச்சொலிகள்கூடக் கேட்கிற நாய்க்கு எப்படி இருக்கும்?

அதே ராத்திரி அம்மாவுக்கு வீசிங். கடல் காற்று அடித்தால் புகையைக் கொண்டுபோய்விடும். அன்று மழை விட்டு ஓர் இலைகூட அசையவில்லை. கந்தகப் புகை ஓட்டு உயரத்துக்கு மேலே ஏறாமல் தெருவிலேயே படிந்து நின்றது. நெபுலைசர் வைத்தும் அம்மா விடியும்வரை உட்கார்ந்தே இருந்தார்கள். சட்டப்படி தீபாவளிக்குக் காலை 6 முதல் 7, ராத்திரி 7 முதல் 8 வரைதான் வெடிக்கலாம். எங்கள் தெருவில் ஒரு மணிக்குத்தான் ஓய்ந்தது.

—

சாயல்குடியிலிருந்து:
எங்களுக்கு இது தீபாவளியோடு முடிகிற விஷயம் இல்லைங்க. கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாவற்றுக்கும் வெடிதான். போன ஆவணியில் ஒரு சவ ஊர்வலம் எங்கள் பட்டியை ஒட்டிப் போனது. அணுகுண்டு வெடித்ததும் முப்பது ஆடும் ஒரே மூலைக்குப் பாய்ந்தன. இரண்டு குட்டி மிதிபட்டுச் செத்தன. மறுநாள் சினை ஆடு ஒன்று குட்டி வீசிவிட்டது. நெரிசலில் அடிவயிற்றில் இடிபட்டிருக்கும் என்றார் டாக்டர். இழவு வீட்டில் போய் நியாயம் கேட்க மனசு வரவில்லை.

—

முதுகுளத்தூர் பக்கமிருந்து:
சித்திரங்குடி கண்மாயில் தண்ணீர் ஏறி, நாரையும் கூழைக்கடாவும் வந்து இறங்குகிற நேரமும் தீபாவளியும் ஒன்றாகவே வரும். கருவேல மரத்தில் அடைந்த பறவைகள் வானவெடிக்கு மொத்தமாக எழும்பி இருட்டில் சுற்றுவதைப் பார்த்திருக்கிறேன். வெகுநேரம் இறங்கவே இல்லை. மறுநாள் காலையில் மின்கம்பிக்குக் கீழே ஒரு மஞ்சள்மூக்கு நாரை செத்துக் கிடந்தது. பக்கத்து சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் வேட்டங்குடிப் பறவைகளுக்காகப் பல வருடமாக வெடியே போடுவதில்லை. அங்கே பிள்ளைகள் இல்லையா, தீபாவளி இல்லையா? எங்கள் ஊர்க் கூட்டத்தில் இதைச் சொல்லப்போகிறேன்.

—

மறுபடியும் மண்டபத்திலிருந்து:
எங்கள் தெருப் பையன்களிடம் சண்டை போடவில்லை. மணியின் காலைக் காட்டினேன், அம்மாவின் மருந்துச் சீட்டைக் காட்டினேன். "சரிக்கா, வெடிக்குமுன் சொல்லிடுறோம்" என்றார்கள். போன வாரம் ஒரு காதுகுத்துக்கு அப்படியே வந்து சொன்னான் ஒருவன். ஜன்னலைச் சாத்தி, மணியை உள்ளறையில் விட்டு, டிவியைச் சத்தமாக வைத்தோம். மகள் மடியில் நடுங்கிக்கொண்டே கிடந்தான். ஓடவில்லை.