தில்லி காமன்வெல்த் 2010: அப்போ அங்கே இருந்தவங்க பார்த்ததைச் சொல்லுங்க

ஆர்கேபுரம்வாசி:
2030 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி அகமதாபாத்துக்குன்னு முடிவானதுலேருந்து எங்க வீட்டுல அதே பேச்சுதான். 2036 ஒலிம்பிக்ஸும் வேணும்னு கேக்கறாங்க. எனக்கு 2010 செப்டம்பர்ல ஒரு ராத்திரிதான் ஞாபகம் வருது.

பையனுக்கு அப்போ ஏழு வயசு. நாலாம் நாள் ஜுரம் விட்டுடுச்சு, அப்பாடான்னு இருந்தோம். அஞ்சாம் நாள் சாயந்திரம் வாந்தி, கை காலெல்லாம் சில்லுனு ஆயிடுச்சு. ஆட்டோ பிடிச்சு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அந்த வருஷம் தில்லியில டெங்கு 6,000 பேருக்கு மேல, உங்களுக்கே தெரியும். ஒரு கட்டில்ல மூணு குழந்தைங்க. டிரிப்ஸ் பாட்டில் மாட்ட ஸ்டாண்ட் இல்லை. பக்கத்துக் குழந்தையோட அப்பா, வேலையிலேருந்து நேரா வந்தவர், முழங்கை வரைக்கும் சிமெண்ட். தோள்ல இருந்த துண்டை எடுத்து, என் பையனோட பாட்டிலை ஜன்னல் கம்பியில கட்டிவிட்டார். காமன்வெல்த்துக்குன்னு கன்னாட் பிளேஸ்ல தோண்டிப் போட்டிருந்த பள்ளத்துல வேலையாம். மழைத்தண்ணி இடுப்பளவு நிக்குது, பகல்லயே கொசு மொய்க்குதுன்னு ஹிந்தியில சொன்னார்.

விடிகாலை கண் அசந்துட்டேன். முழிச்சுப் பார்த்தா அந்தக் குழந்தை இல்லை, அவரும் இல்லை. என்ன ஆச்சுன்னு நான் கேக்கலை. கேக்க தைரியம் வரலை.

சைட்_ரைட்டர்:
பாலம் விழுந்த அன்னைக்கு நான் பக்கத்து சைட்ல இருந்தேன். செப்டம்பர் 21. நேரு ஸ்டேடியம், நடைமேம்பாலம், 27 பேருக்கு அடி, திறப்பு விழாவுக்கு 12 நாள் பாக்கி. எல்லாம் பேப்பர்ல வந்ததுதான்.

லாரியிலேருந்து கம்பிக்கட்டை இறக்கும்போது ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம், ஆனா நிக்காம வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தோம். ஒருத்தரை நாலு பேர் ஷட்டரிங் பலகையில வெச்சுத் தூக்கிட்டு வந்தாங்க. தலையில புது மஞ்சள் ஹெல்மெட். ஒரு கால்ல நீல ரப்பர் செருப்பு, இன்னொரு கால் வெறுங்கால்.

எங்க சைட்லயும் அப்படித்தான். வெளிநாட்டு கேமரா வர ஆரம்பிச்ச பிறகு ஹெல்மெட் வந்தது. பூட்ஸ் வரலை. ஆனா பூட்ஸ் கொடுத்ததா ரெஜிஸ்டர்ல எழுதி, வரிசையா கைநாட்டு வாங்கினது நான். எழுதச் சொன்னாங்க, எழுதினேன். எனக்கு அப்போ 23 வயசு. அந்த நீலச் செருப்பு இன்னும் கண்ணுல நிக்குது.

வாலண்டியர்2010:
மேல எழுதின ரெண்டு பேரோட வலியும் புரியுது. ஆனா போட்டி நடந்த அந்தப் பன்னெண்டு நாளை இப்படியே மூடிட முடியாது. அக்டோபர் 11, வட்டெறிதல். நான் நாலாவது கேட்ல நின்னேன். கிருஷ்ணா பூனியா தங்கம், ஹர்வந்த் கௌர் வெள்ளி, சீமா அந்தில் வெண்கலம். மூணு கொடியும் நம்ம கொடி. 1958ல மில்கா சிங் ஜெயிச்சதுக்கப்புறம் காமன்வெல்த் தடகளத்துல இந்தியாவுக்கு முதல் தங்கம். என் பக்கத்துல நின்ன போலீஸ்காரம்மா, ஹரியானாக்காரங்க, தொப்பியைக் கழட்டிட்டு அழுதாங்க. என் கையைப் பிடிச்ச பிடி ரெண்டு நாளைக்கு வலிச்சது. 38 தங்கம், மொத்தம் 101 பதக்கம், இரண்டாவது இடம். அதைப் பார்த்து எத்தனை பொண்ணுங்க மைதானத்துக்கு வந்திருப்பாங்க?

எனக்கும் கஷ்டம் இருந்தது. விருந்தினருக்கு இடம் வேணும்னு எங்க ஹாஸ்டலைக் காலி பண்ணச் சொன்னாங்க, ஒரு மாசம் சித்தி வீட்டு வராண்டாவுல படுத்தேன். மதியச் சாப்பாடு சில நாள் வரவே வராது. ஆயிரக்கணக்கான வாலண்டியர்கள் பாதியிலேயே நின்னுட்டாங்க. நான் நிக்கலை.

லோதி_காலனி_கணக்கர்:
வாலண்டியர் தங்கச்சிக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெண்கள் ஜெயித்ததை யாரும் குறை சொல்லவில்லை. அவர்கள் வட்டெறியக் கற்றது ஸ்டேடியத்து விளக்கு வெளிச்சத்தில் அல்ல, ஊர் மைதானத்தில். கேள்வி செலவைப் பற்றியது.

என் வீட்டெதிரே நல்ல நடைபாதை இருந்தது. 2009 கடைசியில் பெயர்த்தார்கள், கல் பதித்தார்கள். 2010 ஆகஸ்டில் அதையே திரும்பப் பெயர்த்துப் பதித்தார்கள். மணல் குவியல் மேல் ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அம்மா பத்தடி தள்ளிக் கல் சுமந்தாள். நான் பார்த்தது அவ்வளவுதான்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 2011 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைத்த தலைமைத் தணிக்கையர் அறிக்கை, மொத்தச் செலவு 18,532 கோடி ரூபாய் என்றது. போட்டி கிடைத்தது 2003ல். ஏழு வருடம் கையில் இருந்தும் பெரும்பாலான வேலை கடைசி நேரத்தில். கடைசி நேர வேலைக்கு டெண்டரில் போட்டி இருக்காது, விலை கேட்டது கேட்டபடி. மேற்பார்வையும் இருக்காது. சைட் ரைட்டர் தம்பி சொன்ன பூட்ஸ் போனது அப்படித்தான். குறைந்தபட்சக் கூலிகூடச் சரியாகத் தரவில்லை என்று தில்லி உயர் நீதிமன்றம் அமைத்த குழுவே 2010ல் சொன்னது.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2026 போட்டியை ஏற்றிருந்தது. செலவு 260 கோடி ஆஸ்திரேலிய டாலரிலிருந்து 600, 700 கோடிக்குப் போகும் என்று தெரிந்ததும் 2023 ஜூலையில் வேண்டாம் என்று விலகிவிட்டார்கள். கிளாஸ்கோ எடுத்துக்கொண்டது, பத்தே விளையாட்டு, ஏற்கெனவே இருக்கும் நாலு இடங்களில். பணக்கார நாடு யோசித்ததை நாமும் யோசிக்கலாம். அகமதாபாத்தில் ஒவ்வொரு டெண்டரையும் கையெழுத்தான வாரமே இணையத்தில் போடச் சொல்லுங்கள். கூலி வங்கிக் கணக்கில்தான் போக வேண்டும். நான் முப்பது வருடம் தணிக்கை வேலை பார்த்தவன், இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

வாலண்டியர்2010:
சார், மைதானத்துல விளக்கு இல்லாம எத்தனை வருஷம் எங்க ஸ்கூல் பொண்ணுங்க அஞ்சு மணிக்கே வீட்டுக்குப் போனாங்கன்னு உங்களுக்குத் தெரியாது.

நாலா_ஓரத்துப்_பையன்:
நாங்க ஜங்புரா. பாராபுல்லா நாலா, அதாவது பெரிய சாக்கடைக் கால்வாய், அது ஓரத்துல மதராஸி பஸ்தின்னு தமிழருங்க குடிசைப் பகுதி. சேலம், விழுப்புரம் பக்கத்துலேருந்து வந்த சனம். அம்மா நாலு வீட்டுல பாத்திரம் தேய்ச்சாங்க. 2010 ஏப்ரல்ல எங்க வரிசையை இடிச்சாங்க. காமன்வெல்த்துக்கு வர்ற பஸ்ஸுங்க நிக்க இடம் வேணுமாம்.

புல்டோசர் வந்தப்ப அம்மா வேலைக்குப் போயிருந்தாங்க. நான் என்னத்தைத் தூக்கறதுன்னு தெரியாம ஆட்டுக்கல்லைப் பிடிச்சு இழுத்தேன். ஊர்லேருந்து ரயில்ல கொண்டுவந்த கல்லு. அசையலை. ரேஷன் கார்டு டிரங்குப் பெட்டியில இருந்துச்சு, அதை எடுத்திருக்கணும். கல்லைப் பிடிச்சுட்டு நின்னேன். கார்டு போனதால நாங்க அங்க இருந்ததுக்கே சாட்சி இல்லாம போச்சு.

போட்டி நடந்தப்ப வீதியோரத்துல போட்டிச் சின்னமான ஷேரா புலி படம் போட்ட தட்டி கட்டினாங்க. மிச்சமிருந்த குடிசைங்க அதுக்குப் பின்னாடி. 2025 ஜூன்ல அந்த மிச்சமும் போச்சு, இந்தத் தடவை நாலா தூர்வாரன்னு. கொஞ்சம் பேருக்கு நரேலாவுல வீடு. அங்கேருந்து ஜங்புராவுக்கு வேலைக்கு வரணும்னா நடுராத்திரி எந்திரிக்கணும்.

ஓய்வுபெற்ற_சிஸ்டர்:
2010ல ஜுர வார்டுல ராத்திரி ட்யூட்டி பார்த்தேன். ஆர்கேபுரம் அம்மா சொன்னது அத்தனையும் உண்மை. எங்க வார்டுல தரையிலயும் படுக்க வெச்சோம். அதுக்கு மேல என்னால எழுத முடியலை.

ஆனா இதைச் சொல்லியாகணும். ஜுரம் விட்டதும் நிம்மதியாகாதீங்க. டெங்குல ஆபத்தே ஜுரம் இறங்கின ரெண்டு நாள்தான். வயித்துவலி, விடாத வாந்தி, ஈறுல ரத்தம், கை கால் சில்லிப்பு, இதுல ஒண்ணு வந்தாலும் ஆஸ்பத்திரிதான். பாராசிட்டமால் தவிர வேற வலி மாத்திரை வேண்டாம். ஆஸ்பிரினும் ப்ரூஃபெனும் ரத்தக்கசிவை அதிகமாக்கும். பப்பாளி இலைச் சாறு தேடி அலைஞ்சு நேரத்தைக் கடத்தாதீங்க, நீராகாரம் முக்கியம். புகை அடிக்கறதுல பறக்கற கொசுதான் சாகும், தண்ணியில இருக்கற புழு சாகாது. முட்டை காய்ஞ்சாலும் மாசக்கணக்குல உயிரோட இருக்கும், அதனால ஏர் கூலர் தண்ணியை வாரம் ஒருதடவை கொட்டினா போதாது, தேய்ச்சுக் கழுவணும். கட்டுமான இடத்துல சிமெண்ட் இறுகறதுக்கு க்யூரிங்னு தண்ணி கட்டுவாங்க, லிஃப்ட் குழியில தேங்கும், பெயிண்ட் டப்பாவுல நிக்கும். அந்த வருஷம் வீரர்கள் தங்கற கிராமத்து அடித்தளத்துலயே தண்ணி நின்னது. யமுனையில வெள்ளம் வந்து நீர்மட்டம் 207 மீட்டரைத் தாண்டின வருஷம் அது. அகமதாபாத்ல ஒவ்வொரு சைட்டுக்கும் கொசுப் புழு பார்க்கன்னே ஒரு ஆள் வேணும், கூலிக்காரங்க தங்கற இடத்துக்கு மூடி போட்ட தண்ணித்தொட்டி வேணும்.

ஆர்கேபுரம்வாசி:
சிஸ்டர், அன்னைக்கு இதை யாராவது சொல்லியிருந்தா நாங்க அஞ்சாம் நாள் வரைக்கும் காத்திருக்க மாட்டோம். ஒரே ஒரு சந்தேகம். ராத்திரி மூணு மணிக்கு மேல ஒரு குழந்தையை வார்டுலேருந்து எடுத்துட்டுப் போனா, வேற வார்டுக்கு மாத்தினதாவும் இருக்கலாம் இல்லையா?

ஓய்வுபெற்ற_சிஸ்டர்:
இருக்கலாம்மா. ஐசியூவுல இடம் கிடைச்சா எந்த நேரமும் மாத்துவோம்.

சைட்_ரைட்டர்:
அக்கா, அவர் கட்டின துண்டு?

ஆர்கேபுரம்வாசி:
காலையில கம்பியிலயே இருந்தது தம்பி. டிஸ்சார்ஜ் ஆகற வரைக்கும் ஆறு நாள், யாராவது கேட்டு வருவாங்கன்னு கட்டில் தலைமாட்டுல மடிச்சு வெச்சிருந்தேன். சிவப்புக் கட்டம் போட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து துவைச்சேன், ஓரத்துல காய்ஞ்சிருந்த சிமெண்ட் மட்டும் போகலை.